சார்லஸ் மையர்ஸ்: ஆளைக் குறை சொல்லுமுன் இடத்தைப் பார்த்த உளவியலாளர்

"தொழில்துறை உளவியல் என்பதே தொழிலாளியிடம் இன்னும் கொஞ்சம் வேலை பிழிவதற்கு முதலாளிகள் கண்டுபிடித்த வழிதானே? அந்தத் துறையில் பொதுநலனுக்காகக் கைக்காசு போட்டு உழைத்தவர் என்று சொல்ல யாராவது உண்டா?" என்பது கேள்வி.

உண்டு. என் பதில் சார்லஸ் சாமுவேல் மையர்ஸ். பிரிட்டனில் தொழில்துறை உளவியலுக்கு ஒரு நிறுவனத்தை உண்டாக்கியவர். முதல் உலகப்போரில், குண்டுகளுக்கு நடுவே நின்ற சிப்பாய்களின் மனமுடைவைக் குறித்த 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் முதலில் அச்சேற்றியவரும் இவரே. இந்த இரண்டையும் தனித்தனிக் கதைகளாகச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் போர்க்கள மருத்துவமனையில் அவர் பார்த்ததைத் தெரிந்துகொள்ளாமல், ஆலைக்குள் அவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது விளங்காது. மனிதவளத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

மையர்ஸ் 1873 மார்ச் 13 அன்று லண்டனில் வசதியான ஒரு யூத வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சிட்டி ஆஃப் லண்டன் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜின் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறி, லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவம் முடித்தார். நல்ல வயலின் கலைஞர். சம்பாதித்துத்தான் சாப்பிட வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத குடும்பம். பெரிய மருத்துவர்கள் தொழில் நடத்தும் லண்டன் ஹார்லி தெருவில் கிளினிக் வைத்து உட்கார்ந்திருந்தால் வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். அவர் உட்காரவில்லை.

1898-ல் ஏ.சி. ஹேடன் தலைமையில் கேம்பிரிட்ஜ் மானிடவியல் குழு ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் புறப்பட்டது. ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இருந்தார்; பின்னாளில் நம் நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906-ல் பெரிய நூல் எழுதிய அதே ரிவர்ஸ்தான். சி.ஜி. செலிக்மன், வில்லியம் மெக்டூகல் ஆகியோரோடு இருபத்தைந்து வயது மையர்ஸும் போனார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய அறிவாளிகளிடம் ஒரு கருத்து வேரூன்றி இருந்தது. 'நாகரிகமடையாத' மக்களுக்குக் கண்ணும் காதும் மூக்கும் விலங்குகளைப்போலக் கூர்மை. புலன்களுக்கே சக்தியெல்லாம் செலவாகிவிடுவதால் சிந்தனைக்கு மிச்சமில்லை என்பது அதன் சாரம். பாராட்டுவதுபோலத் தொடங்கி இழிவில் முடிகிற வாதம். குழு அதை அளந்து பார்க்கப் போனது. மெர் தீவில் கேட்கும் திறன், முகரும் திறன், சுவை, தூண்டலுக்கு எதிர்வினை காட்டும் வேகம் ஆகியவற்றைச் சோதிக்கும் பொறுப்பு மையர்ஸுடையது. மந்திரக் காது எதுவும் அங்கே அகப்படவில்லை. சொல்லப்போனால் கேட்கும் திறன் ஐரோப்பியர்களைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்தது. முத்துச்சிப்பி எடுக்கக் கடலுக்குள் மூழ்கி மூழ்கிப் பல ஆண்களுக்குக் காது கெட்டுப்போயிருந்ததும் அதற்கு ஒரு காரணம். கடலில் தூரத்துக் கப்பலை அவர்கள் முந்திக் கண்டுகொள்வது கண்ணின் அதிசயத்தால் அல்ல. எதைத் தேட வேண்டும் என்று பழகியிருந்ததால்தான்.

இதை நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மனிதன் கேட்பதில் பின்தங்கினால் அவன் இனத்தைப் பார்க்காதே, அவன் செய்யும் தொழிலைப் பார் என்ற பாடம் மையர்ஸுக்கு இருபத்தைந்தாவது வயதிலேயே, கருவியும் கையுமாகக் கிடைத்துவிட்டது. அவர் பிற்காலத்தில் செய்ததெல்லாம் இதன் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன்.

அந்தத் தீவில் அவர் மெழுகு உருளைகளில் பாடல்களையும் பதிவு செய்தார். பின்னர் சரவாக் போனார், எகிப்தில் சில காலம் இருந்தார். இசை ஆர்வம் அவரை விடவேயில்லை. செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடர்களைப் பற்றி 1911-ல் வெளியிட்ட நூலில் இசை பற்றிய அத்தியாயத்தை எழுதியவர் மையர்ஸ்தான். அவர்கள் பதிவு செய்துகொண்டு வந்த பாடல்களைக் கேட்டு, சுரங்களுக்கிடையிலான இடைவெளியை அளந்து, இரண்டே சுரங்களில் நிற்கும் பாடல்கள் எவை, மூன்றுக்கும் நான்குக்கும் போகிறவை எவை என்று வகைப்படுத்தினார். ஐரோப்பியச் செவிக்கு வெறும் முனகலாகத் தோன்றியிருக்கக்கூடிய பாட்டை உரிய மரியாதையோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இலங்கையின் தொல்குடிகளைப் படிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பக்கங்களைக் கடந்துதான் போக வேண்டும்.

கேம்பிரிட்ஜ் திரும்பியதும் ரிவர்ஸுக்கு உதவியாகச் சோதனை உளவியல் கற்பித்தார். 1904-ல் ஜேம்ஸ் வார்டும் ரிவர்ஸும் மையர்ஸும் சேர்ந்து பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழைத் தொடங்கினார்கள்; அதே ஆண்டு அவருக்குத் திருமணம், மனைவி ஈடித் செலிக்மன். 1909-ல் அவருடைய சோதனை உளவியல் பாடநூல் வந்தது. பிரிட்டனில் ஒரு தலைமுறை அதை வைத்துப் படித்தது.

கொடை என்று கேட்டீர்கள் அல்லவா, அது இங்கேதான் தொடங்குகிறது. அன்றைய கேம்பிரிட்ஜில் உளவியல் யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளை. தத்துவத் துறையினருக்குக் கருவிகள்மேல் நம்பிக்கையில்லை. மருத்துவத் துறையினருக்கு மனம் என்ற சொல்லே ஒவ்வாது. பழைய கட்டடங்களின் மூலைகளில் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஒழுங்கான ஆய்வுக்கூடம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகம் கட்டித் தரப்போவதில்லை என்று தெரிந்ததும், மையர்ஸ் தன் நண்பர்களிடமும் உறவினரிடமும் நிதி திரட்டினார். தன் கையிலிருந்தே பெருந்தொகை போட்டார். 1913-ல் அது திறக்கப்பட்டது. பிற்காலத்தில் நினைவாற்றல் ஆய்வில் உலகப்புகழ் பெற்ற ஃபிரெடெரிக் பார்ட்லெட் அந்தக் கூடத்தில் வளர்ந்தவர். கொடை என்றால் கல்வெட்டில் பெயர் பொறிப்பதையே நினைக்கிறோம். தன் துறைக்கு ஒரு கூரை போட்டுவிட்டு, அதே கூரையின்கீழ் சாதாரண விரிவுரையாளராக வேலை பார்ப்பதை அதைவிடப் பெரிய கொடையாக மதிக்கிறேன்.

கூடம் திறந்து ஓராண்டு ஆனதும் போர் வந்துவிட்டது. மையர்ஸுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. படைக்கு அழைப்பு வரக் காத்திருக்காமல் 1914 அக்டோபரில் தானாகவே பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தார். லெ தூக்கே என்ற கடற்கரை ஊரில் சூதாட்ட விடுதி ஒன்றை மருத்துவமனையாக்கியிருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் சீமாட்டியின் பெயரிலான மருத்துவமனை. அங்கே அவரிடம் வந்த மூன்று சிப்பாய்களின் வரலாறு 1915 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

முதலாமவன் இருபது வயதுப் பையன். முள்கம்பி வேலியில் சிக்கிக்கொண்டு நின்றபோது அவனைச் சுற்றிக் குண்டுகள் வெடித்தன. மற்றொருவன் இடிந்த பதுங்குகுழிக்குள் புதைந்து மீண்டவன். மூவருக்கும் உடம்பில் பெரிய காயமில்லை. ஆனால் பார்வையின் எல்லை குறுகிப்போயிருந்தது. மணமும் சுவையும் குன்றியிருந்தன. நினைவு விட்டுவிட்டுப் போயிருந்தது. மையர்ஸ் கவனித்த நுட்பம் ஒன்று உண்டு. காதருகே குண்டு வெடித்தால் முதலில் கெட வேண்டியது காது. இவர்களுக்கோ காது ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. அப்படியானால் வெடிப்பின் அதிர்வு மூளையை நொறுக்கியது என்ற விளக்கம் மட்டும் போதாது. பயங்கரத்தை மனம் தாங்கிய விதத்தில்தான் காரணம் இருக்க வேண்டும். டோரஸ் தீவில் காதுகளைச் சோதித்தவருக்கு இது கண்ணில் படாமல் போகுமா?

அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருந்த 'ஷெல் ஷாக்' சிப்பாய்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சொல். அச்சில் ஏறியதும் அது காட்டுத்தீயாகப் பரவியது. பிறகு அதை எடுத்துவிட வேண்டும் என்று போராடியவரும் மையர்ஸே. குண்டே வெடிக்காத இடத்திலும் ஆட்கள் மனமுடைந்து விழுவதைப் பார்த்த பின் அந்தப் பெயர் தவறான வழி காட்டுவதாக அவருக்குத் தோன்றியது. இராணுவமோ அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்தது: எதிரியின் குண்டால் நேர்ந்தது என்றால் காயம்பட்டவன், இல்லையென்றால் வெறும் நோயாளி. காயம்பட்டவனுக்குச் சட்டையில் கௌரவப் பட்டியும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. நோயாளிக்கு இரண்டும் கிடையாது.

1916-ல் அவரைப் பிரான்சிலிருந்த பிரிட்டிஷ் படைகளுக்கு ஆலோசனை உளவியலாளராக நியமித்தார்கள். அவர் வலியுறுத்தியவை மூன்று. சிகிச்சை உடனே தொடங்க வேண்டும். பீரங்கிச் சத்தம் எட்டாத, ஆனால் போர்முனையிலிருந்து வெகுதூரம் போய்விடாத இடத்தில் நடக்க வேண்டும். மருந்தோடு நின்றுவிடாமல் பேச்சும் நம்பிக்கையும் கொண்ட மனச்சிகிச்சையாக இருக்க வேண்டும். இங்கிலாந்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் படுக்கையில் போட்டால் நோய் உறைந்துபோகும் என்பது அவர் கண்டது. இப்படிப்பட்ட தனி மையங்களும் அமைந்தன. இன்றைய படைமருத்துவத்திலும் இந்த மூன்றின் சாயலைக் காணலாம்.

ஆனால் எதிர்ப்பு பலமாக இருந்தது. தளபதிகள் பலருக்கு இது கோழைத்தனத்துக்கு மருத்துவர் கொடுக்கும் நற்சான்று. உடன் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர்களிலும் கார்டன் ஹோம்ஸ் போன்ற பெயர்பெற்றவர்கள் உளவியலை மதிக்கவில்லை. 1917-ல் மையர்ஸின் பொறுப்பைப் பிரித்துப் பாதியை ஹோம்ஸிடம் கொடுத்தார்கள். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட சிலரைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்லும் வேலையும் மையர்ஸுக்கு வந்தது. படையை விட்டு ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் விடியற்காலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் மனம் நொறுங்கிய நோயாளிகளும் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லோரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. 1917-ன் பிற்பகுதியில் களைத்தும் கசந்தும் நாடு திரும்பினார்.

அந்தக் கசப்பு சாதாரணமானதல்ல. போர் முடிந்ததும் ஷெல் ஷாக் பற்றி விசாரிக்க சவுத்பரோ பிரபு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர் மையர்ஸ். அவர் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். அந்த ஆண்டுகளை மறுபடி நினைவுக்குக் கொண்டுவருவது தாங்க முடியாத வேதனையாக இருந்ததென்று பின்னர் எழுதினார். மற்றவர்களின் மனக்காயத்தை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் தன்னுடையதைப் பற்றிச் சொன்னது ஏறக்குறைய அவ்வளவுதான்.

நாடு திரும்பிய பின் அவர் செய்த ஒரு சிறு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் அதுதான் திருப்புமுனை. நீருக்கடியில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்டறியும் கருவியில் உட்கார எப்படிப்பட்ட ஆள் பொருத்தம் என்று கண்டறியச் சோதனைகளை வகுத்துக் கொடுத்தார். வேலைக்கேற்ற ஆளைத் தேர்ந்தெடுப்பது என்ற பிரச்சினையில் அவர் நேரடியாகக் கைவைத்தது அப்போது. அதே போர்க்காலத்தில் வெடிமருந்து ஆலைகளில் எச்.எம். வெர்னன் போன்றவர்கள் நடத்திய ஆய்வுகள் முதலாளிகளையே திகைக்க வைத்தன. வாரத்துக்கு எழுபது மணி நேரத்துக்கு மேல் நின்று வேலை செய்த பெண்களின் நேரத்தைக் குறைத்தபோது மொத்த உற்பத்தி சரியவில்லை, ஏறியது. களைப்பு என்பது சோம்பலுக்கு இன்னொரு பெயர் அல்ல, அளக்கக்கூடிய ஒரு நிலை என்பது ஆலைக்குள்ளும் நிரூபணமாகிவிட்டது.

1918-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உளவியலின் நடைமுறைப் பயன்களைப் பற்றி மையர்ஸ் உரையாற்றினார். ஏறக்குறைய அதே சமயத்தில் ஹென்றி வெல்ச் என்ற வணிகருக்கும் இதே எண்ணம் இருந்தது. ஆட்களைப் பொருந்தாத வேலையில் போட்டு வீணடிக்கிறோம் என்ற கவலை அவருக்கு. இருவரும் சேர்ந்து 1921-ல் தேசியத் தொழில்துறை உளவியல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இலாபத்தைப் பங்கிடாத அமைப்பு. மறு ஆண்டே மையர்ஸ் தான் பணம் போட்டுக் கட்டிய ஆய்வுக்கூடத்தை பார்ட்லெட் கையில் விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜ் பதவியைத் துறந்து, நிலையான வருமானம் எதுவும் உறுதியாகாத இந்த நிறுவனத்துக்கு முழுநேரமாக வந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது; ஐந்து பிள்ளைகள்; அறிவியலாளருக்குக் கிடைக்கக்கூடிய உயர்ந்த மதிப்பான ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி 1915-லேயே வந்தாகிவிட்டது. எதற்காக இனி ஓட வேண்டும் என்று யாரும் கேட்டிருப்பார்கள்.

வெல்ச் இயக்குநராக இருந்தது ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் என்ற நிறுவனத்தில். தேயிலைக்கும் ரப்பருக்கும் பேர்போன அந்தப் பெயரை இலங்கை மலையகத்திலும் மலாயாவிலும் தென்னிந்தியத் தோட்டங்களிலும் அறியாதவர்கள் குறைவு. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்ததிலும் பால்மரம் சீவியதிலும் பெரும்பகுதி தமிழ் உழைப்பு. களைப்பைப் பற்றிய இந்த நல்ல கேள்விகள் பிறந்த அதே மேசையில் அந்தப் பணமும் இருந்தது. கேள்விகளோ பிரிட்டனின் ஆலைகளையும் சுரங்கங்களையும் நோக்கியே போயின. மையர்ஸின் மேன்மையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: பிழிவதற்கான வழிதானே இது? அன்று அமெரிக்காவில் ஃபிரெடெரிக் டெய்லரின் முறை கொடிகட்டிப் பறந்தது. கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு அசைவையும் அளந்து, மிகச் சிறந்த ஒரே முறையைக் கண்டுபிடித்து, அதை எல்லோர்மேலும் சுமத்துவது. மையர்ஸ் இதை நேருக்கு நேர் மறுத்தார். ஆளுக்கு ஆள் உடலும் தாளமும் வேறு. ஒருவனுக்குச் சிறந்த அசைவு இன்னொருவனுக்குத் தண்டனை. தொழிலாளியைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவதல்ல உளவியலாளனின் வேலை, அவன் முன்னால் கிடக்கும் தடைகளை அகற்றித் தருவதே என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் அமெரிக்க முறைக்கு ஆதரவாக இந்த நிறுவனத்தின் இதழிலேயே மறுப்பு எழுதினார்கள், அதையும் வெளியிட்டார்கள். அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

1920-ல் வந்த 'மனமும் வேலையும்' என்ற அவருடைய சிறுநூலைப் பாருங்கள். தொழிலாளர்கள் வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைக்கிறார்கள் என்று முதலாளிகள் புலம்பிய காலம் அது. மையர்ஸ் அதற்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். வேகமாகச் செய்தால் எண்ணிக்கைக் கூலியைக் குறைத்துவிடுவார்கள், வேலை தீர்ந்து ஆட்குறைப்பு வரும் என்ற அச்சத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு. அந்த அச்சத்தை நீக்காமல் ஆளைத் திட்டிப் பயனில்லை என்பதுதான் அவர் வழி. இதைப் படிக்கும்போது லெ தூக்கே ஞாபகம் வராமல் இருக்காது. அங்கே கோழை என்றார்கள், இங்கே சோம்பேறி என்றார்கள். இரண்டு இடத்திலும் அவர் அந்த வசைச்சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த மனிதன் நிற்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். மங்கலான விளக்கொளியில் ஆண்டுக்கணக்கில் கரி வெட்டி வெட்டி, கண்மணிகள் தாமாகவே ஆடத் தொடங்கும் நோய் அன்று சுரங்கத் தொழிலாளரை வாட்டிக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம் கொடுத்தால் என்ன ஆகிறது, கரிக்கோடரியைச் சீரான தாளத்தில் வீசினால் உடல் எவ்வளவு குறைவாகத் தளர்கிறது என்றெல்லாம் எரிக் ஃபார்மரும் அவருடைய தோழர்களும் சோதித்து எழுதினார்கள். ஆலைகளில் அவர்கள் சொன்ன பரிந்துரைகள் பெரும்பாலும் எளியவை: பெஞ்சின் உயரத்தை மாற்று, பொருளைக் கைக்கெட்டும் இடத்தில் வை, காற்று வரட்டும், இடையில் சிறிது ஓய்வு கொடு. ஆய்வு தொடங்கும் முன் தொழிலாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி அவர்களுடைய ஒத்துழைப்பைப் பெற வேண்டும் என்பதில் மையர்ஸ் உறுதியாக இருந்தார். ஒளிந்து நின்று கடிகாரம் பிடிப்பது அவருக்கு ஆகாது.

கொடையாளர் என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் இன்னொருவரும் உரியவர். யார்க் நகரத்து மிட்டாய் ஆலை அதிபர் சீபோம் ரவுண்ட்ரீ. 1899-ல் தன் ஊரின் உழைக்கும் குடும்பங்களை வீடுவீடாகக் கணக்கெடுத்து, நகர மக்களில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று 1901-ல் நூலாக வெளியிட்டவர். தன் ஆலையில் 1906-ல் ஓய்வூதியத் திட்டமும் 1919-ல் வாரம் ஐந்து நாள் வேலையும் கொண்டுவந்தவர். 1922-ல் அந்த ஆலை தனக்கென ஓர் உளவியலாளரையே வேலைக்கு அமர்த்தியது. சாக்லேட் அடுக்கும் வேலைக்கு வரும் பெண்களிடம், பல வடிவக் கட்டைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தச் சொல்லிச் சோதித்தார்கள். யாரோ ஒரு மேஸ்திரிக்குப் பிடித்த ஆள், தெரிந்த ஆள் என்று எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். மையர்ஸின் நிறுவனத்துக்கு ரவுண்ட்ரீ ஆதரவாளர். பின்னாளில் அதன் தலைவராகவும் இருந்தார்.

பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு வேலை வழிகாட்டுவதில் நிறுவனம் செய்தது எனக்கு இன்னும் நெருக்கமான பகுதி. லண்டன் தொடக்கப் பள்ளிகளில் படித்த ஏழைக் குழந்தைகள் 1,200 பேரை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவுகள் 1931-ல் நூலாக வந்தன. பிள்ளையின் அறிவுத்திறன், கைத்திறன், சுபாவம், வீட்டு நிலை எல்லாவற்றையும் பார்த்து ஆலோசனை சொல்லி, பிறகு அவர்கள் வேலையில் எப்படி இருக்கிறார்கள் என்றும் தொடர்ந்து கவனித்தார்கள். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, தெருவில் முதலில் அகப்பட்ட வேலைக்குள் விழுந்துவிடும் பிள்ளைக்கு, "உனக்கு எது வரும்?" என்று யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டது அதுவே முதல்முறையாக இருந்திருக்கும்.

பணம்தான் ஓயாத தலைவலி. அரசு கைகொடுக்கவில்லை. கார்னகி அறக்கட்டளை, அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் குடும்ப அறக்கட்டளை, கேட்பரி, ரவுண்ட்ரீ போன்ற ஆலைகள், தனி உறுப்பினர்கள் என்று பல கைகளிலிருந்து வந்தது. மீதியை நிறுவனமே ஆலோசனைக் கட்டணமாகச் சம்பாதிக்க வேண்டும். கட்டணம் கட்டுபவர் முதலாளி. அங்கேதான் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறில்லை என்பேன். முதலாளிக்கு அறிக்கை எழுதும்போது உற்பத்தி இத்தனை கூடியது என்று சொல்லாமல் இருக்க முடியாது. களைப்பைக் குறைக்கப் பிறந்த நிறுவனம், 1930-களில் ரவுண்ட்ரீ ஆலைக்காக மக்களிடம் எந்தச் சாக்லேட் பிடிக்கும் என்று கேட்டு அலையும் சந்தை ஆய்விலும் இறங்கியது. 1933-ல் வந்த 'பிளாக் மேஜிக்' சாக்லேட் பெட்டி அந்த ஆய்வின் விளைவு. அடிப்படை ஆராய்ச்சிக்கு நேரமும் பணமும் சுருங்கியதில் மையர்ஸுக்கு வருத்தம் இருந்தது. கூலி எவ்வளவு, ஆலை யாருடையது என்ற பெரிய கேள்விகளை அவருடைய உளவியல் தொடவில்லை என்ற குறையையும் இடதுசாரிகள் சரியாகவே சுட்டினார்கள். பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்யலாம். அந்தப் பெஞ்சுக்கு எதிரே யார் உட்கார்ந்து இலாபம் எண்ணுகிறார் என்பதை அவர் கேட்கவில்லை. ஆனாலும், முதுகு வலிக்கிற பெண்ணுக்குப் பெஞ்சு சரியான உயரத்தில் இருப்பது அற்ப விஷயமில்லை. புரட்சி வரும்வரை அவள் குனிந்தே நிற்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

மற்றொன்றையும் விட்டுவிடக் கூடாது. போர் முடிந்தபோது பிரிட்டிஷ் உளவியல் சங்கம் நூறு பேர்கூட இல்லாத மூடிய வட்டம். ஆசிரியர்கள், மருத்துவர்கள், தொழில்துறையினர் யாரும் சேரலாம் என்று கதவைத் திறந்து, கல்வி, மருத்துவம், தொழில் என்று தனிப் பிரிவுகளை ஏற்படுத்த முன்னின்றவர் மையர்ஸ். ஒரே ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை நானூறைத் தாண்டியது. 1920-ல் சங்கத்தின் முதல் தலைவராக அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1923-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய சர்வதேச உளவியல் மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர்.

1938-ல் நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகினார். அடுத்த போர் தொடங்கிய பிறகுதான், அறுபத்தேழு வயதில், முந்தைய போரின் நாட்குறிப்புகளைப் பிரித்து பிரான்ஸ் அனுபவத்தை நூலாக்கினார். 1940-ல் அது வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் விசாரணைக் குழுவிடம் சொல்ல முடியாததை, இன்னொரு தலைமுறை இளைஞர்கள் போர்முனைக்குப் போகும்போது, பழைய தவறுகள் திரும்ப நடந்துவிடக் கூடாதே என்பதற்காக எழுதினார். 1946 அக்டோபர் 12 அன்று சாமர்செட்டில் வின்ஸ்ஃபோர்ட் என்ற கிராமத்தில் காலமானார். அவருடைய நிறுவனம் 1970-கள் வரை தாக்குப்பிடித்து, பணமில்லாமல் மூடப்பட்டது. முதல் உலகப்போரில் படையை விட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006-ல். மையர்ஸ் மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து.

மேலும் படிக்க விரும்பினால் அந்த 1940 நூலிலிருந்தே தொடங்குங்கள், பிறகு 'மனமும் வேலையும்'. இந்த வரிசையில் படித்தால், ஆலையைப் பற்றி அவர் எழுதுகிற ஒவ்வொரு பரிந்துரைக்குப் பின்னாலும் யார் நிற்கிறார்கள் என்பது தெரியும்.